வேலிக்கு அங்கால ஒரு அடுப்பு

— அத்தான்! அத்தான்! குசினிதான் பத்துதோ, இல்லாட்டி நீங்களும் சேர்ந்து பத்துறியளோ?

— ஆர், தங்கரத்தினமோ? வேலிக்கு அங்கால நிண்டு நீயோ கதைக்கிறாய்? ஒண்டுமில்லைப் பிள்ளை. அடுப்பு மூட்டுறன்.

— இதுக்குப் பேர் அடுப்பு மூட்டுறதோ? லிங்கநகர் முழுக்க இருமுது. என்ர ரெண்டு பிள்ளைக் குஞ்சும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வளவுக்க நிக்குதுகள். என்னத்தை வைச்சு மூட்டுறியள்?

— விறகுதான். ராவு மழைக்க கிடந்திட்டுது.

— ஊறின விறகை அடுக்கிப்போட்டு ஊதினா, புகையாமப் பூவோ பூக்கும்? அடியில ரெண்டு தேங்காய்ப் பொச்சுமட்டையை வையுங்கோ. மேல காஞ்ச ஓலை. பிறகு சுள்ளி. அது பிடிச்சாப் பிறகுதான் விறகு.

— அதுதானே பிள்ளை. எனக்கெங்க இதெல்லாம் தெரியும்? வெள்ளைக்காரன்ர நேவி நிண்ட காலத்தில இருந்து கப்பல் இழுக்கிற படகில வேலை செய்யிறவன் நான். எவ்வளவு பெரிய கப்பல் எண்டாலும் இழுத்துக்கொண்டு வந்து துறைமுக யெற்றியில கட்டிப்போடுவன். இந்த அடுப்புத்தான் அசையுதில்லை.

— அக்காவுக்கு இப்ப எப்பிடி? நான் கேட்டனான் எண்டு அவவுக்குச் சொல்லத் தேவையில்லை.

— வள்ளிக்கோ? கால் முறிஞ்சு மாக்கட்டுப் போட்டிருக்கு. கிணத்தடியில வழுக்கினதுக்கு நல்லகாலம் காலோட போச்சு. நாள் செண்டுதான் வீட்டுக்கு விடுவினமாம். ஆஸ்பத்திரிச் சோறு தொண்டைக்குள்ள இறங்குதில்லை எண்டு நேற்று ஒரே அழுகை. அதுதான் எதையாவது அவிச்சுக்கொண்டு போவம் எண்டு பாத்தன்.

— எதையாவது எண்டா எதை?

— மரவள்ளிக்கிழங்கு. இந்தப் பஞ்ச வருசம் வேற என்ன கிடக்கு? கூப்பனுக்குத் தாற அரிசி முடிஞ்சுது. பேக்கரியில பாண் வாங்கக் கியூவில நிண்டா வேலைக்குப் போகேலாது. கிழங்கைச் சட்டிக்க போட்டு நல்லா மூடி வைச்சிருக்கிறன்.

— மூடியோ? ஐயோ பிள்ளையாரே! மரவள்ளி அவியேக்க மூடக்கூடாது எண்டு பால்குடிக்கும் தெரியும். திறவுங்கோ! அதின்ர நஞ்சு ஆவியோட போகோணும். தோலையாவது ஒழுங்கா உரிச்சனியளோ?

— தோலோ? உரிக்கோணுமோ?

— ...

— பிள்ளை? தங்கம்? நிக்கிறியோ, போட்டியோ?

— நிக்கிறன். வாயில வாறதை அத்தானுக்குச் சொல்லக்கூடாது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன்.

— வாசத்துக்கு ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போடுவம் எண்டு யோசிச்சனான்.

— மரவள்ளியோட இஞ்சியோ! அக்காவுக்குக் கால் போனது காணாதெண்டு ஆளையே அனுப்பப் போறியளோ? இறக்குங்கோ. இறக்கியாச்சோ? தண்ணியை அப்பிடியே ஊத்துங்கோ. கிழங்கைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வேலியடிக்கு வாங்கோ.

— வேலியில பூந்து வாறதுக்குப் பொட்டு இல்லையே பிள்ளை. நீதானே ஓலைக் கிடுகு வைச்சு அடைச்சனி.

— மேலால தாங்கோ! அக்காவோட கதைக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். ஆஸ்பத்திரியில கிடக்கிற ஆளுக்கு நஞ்சு குடுக்க விடுவன் எண்டு சொல்லேல்ல.

*

— இந்த வேலியில ரெண்டு கிடுகு கழண்டு கிடக்கு. நீயோ பிள்ளை கழட்டினது?

— நான் ஏன் கழட்டுறன்? காத்துக்கு விழுந்தது.

— காத்து நல்ல காத்து. கதவு மாதிரி அளவாக் கழட்டியிருக்கு. வா, உள்ளுக்கு வா. பாத்து வா, சட்டி காலுக்குள்ள கிடக்கு.

— இது குசினியோ, துறைமுகமோ? கண்ட கண்ட இடமெல்லாம் சட்டி நங்கூரம் போட்டிருக்கு. சரி, இண்டைக்கு என்ன கொண்டு வந்தனியள்? கடவுளே! ஒரு ஆளுக்கும் ஒரு நோயாளிக்கும் இவ்வளவு கிழங்கோ?

— எனக்கு அளவு தெரியாது பிள்ளை. வித்தவன் குவிச்சு வைச்சிருந்தான், நானும் அள்ளிக்கொண்டு வந்தன். கூடிப்போச்சோ?

— கூடிப்போச்சோ எண்டு கேக்கிறார்! பட்டாளத்துக்குப் போடலாம்.

— அப்ப மிச்சத்தை நாய்க்கு வைப்பம்.

— வாயைக் கழுவுங்கோ. சனம் கிழங்குக்கு அலையிற காலத்தில நாய்க்கு வைக்கப் போறாராம். பிள்ளையள் ரெண்டு வாய் தின்னட்டும். என்ர வீட்டில சாப்பாடு இல்லாம இல்லை, அதையும் சொல்லிப்போட்டன். எறியக்கூடாது எண்டதுக்குத்தான்.

— ஓம் ஓம். எறியக்கூடாது. அதுதானே.

— பையில என்ன மீன் மணக்குது?

— காரல். யெற்றியில வலை இழுத்த பெடியள் சும்மா தந்தவங்கள். முள்ளுத்தானே, ஆர் வாங்குறது எண்டு கொட்டப் பாத்தாங்கள்.

— கொட்டுறதோ? காரல் சொதி தெரியாத ஆளை இந்தத் திருகோணமலையில இப்பத்தான் காணுறன். இஞ்சால இருங்கோ. பாத்துப் பழகுங்கோ. ஒரு தேங்காய்தானே கிடக்கு?

— ஒண்டே ஒண்டு. அது காணாதோ?

— ஏன் காணாது? ஒரு தேங்காயில மூண்டு கறி வைக்கத் தெரியாதவள் பொம்பிளையோ? முதற்பாலை எடுத்துத் தனிய வையுங்கோ. ரெண்டாம் பாலில மீனைப் போட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு நுள்ளு மஞ்சள். மீன் அவிஞ்சு வரேக்க முதற்பாலை விடுறது. விட்டாப் பிறகு அகப்பையைக் கையில இருந்து வைக்காமக் கிண்டோணும், இல்லாட்டித் திரைஞ்சு போகும். ஒரு கொதி வரப் பாத்து இறக்கிப்போட்டு, பிறகுதான் தேசிக்காய்ப்புளி.

— இது கப்பல் கட்டுறதைவிடக் கஷ்டமாக் கிடக்கே. சரி, பால் போச்சு. மற்ற ரெண்டு கறியும் எங்கால?

— பிழிஞ்ச சக்கை கிடக்கெல்லோ. அதில பாதியை முருங்கையிலையோட போட்டு வறுத்தா ஒரு வறை. மற்றப் பாதியைச் செத்தல்மிளகாயோட சேத்து வறுத்து, அம்மியில வைச்சு ஒரு இழுவை. உப்பும் புளியும் போட்டா, கிழங்குக்குத் தொட்டுத் தின்னச் சம்பல்.

— சக்கையிலயோ? நாங்கள் அதைக் கோழிக்கல்லோ வீசுறனாங்கள்.

— வீசுவியள். உங்களுக்கு மாதம் முடியத் துறைமுக யாட்டில சம்பளம் வருது, வீசுவியள். கொழும்பில ஒரு அறைக்குள்ள நாலு பேர் இருந்து, என்ர மனுசனுக்குக் கடையில வேலை போனாப் பிறகு... அது இப்ப என்னத்துக்கு. சிரட்டையைத் தாங்கோ, அடுப்புக்க வைப்பம். நிண்டு எரியும்.

— இராசதுரை கடிதம் கிடிதம் போட்டவரோ?

— வவுனியாவுக்கு அங்கால காட்டுக்குள்ள தபால் பெட்டியோ வைச்சிருக்கு? வெளிநாட்டு மிளகாயை மறிச்சிட்டாங்கள், ஊர் மிளகாய்க்குத் தங்க விலை எண்டு காடு வெட்டப் போனவர். மிளகாய்க் கண்டு நட்டாச்சு, காய் காய்ச்சாப் பாப்பம். அதுவரைக்கும் எனக்கு ஒரு குறையுமில்லை.

— நான் குறை எண்டு சொன்னனோ பிள்ளை?

— சொல்லேல்ல. முகம் சொல்லுது. அந்த முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு முருங்கையிலையை உருவுங்கோ.

*

— வா பிள்ளை. இண்டைக்கு ஒரு பை குரக்கன் தானிய மா கிடைச்சுது, மூதூர்க்காரர் ஒராள் தோணியில கொண்டு வந்தவர். இதை என்ன செய்யிறது? தண்ணி விட்டுக் கரைக்கிறதோ?

— இண்டைக்கு நான் சமைக்க வரேல்ல அத்தான். ஒரு கதை கேக்கோணும்.

— கேள். ஏன் நிண்டுகொண்டு? கதிரையில இரு.

— இருக்கமாட்டன். அண்டைக்குக் கிழங்கு அளவு தெரியேல்ல. பிறகு மீன் அளவு தெரியேல்ல. போன முறை ஒரு பூசணிக்காயை முழுசாத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறியள். இப்ப இது எத்தினை பேருக்கு மா?

— எனக்கு எங்க பிள்ளை...

— அளவு தெரியாது. ஓம். ஒவ்வொரு நாளும் மிஞ்சுது. ஒவ்வொரு நாளும் என்ர பிள்ளையள் திண்டுதான் சட்டி கழுவுப்படுது. அக்காவோ உங்களை அனுப்பினது?

— வள்ளி ஆஸ்பத்திரியில கிடக்கிறா.

— கிடந்தா வாய் இல்லையோ? நான் கொழும்பால வந்து இறங்கின கிழமை, ஒரு பெட்டி அரிசியைத் தூக்கிக்கொண்டு வாசலில வந்து நிண்டவ. ஊர் பாக்க. நான் என்ன சொன்னனான் எண்டு அவ உங்களுக்குச் சொல்லியிருப்பா.

— "இராசதுரை பெண்டில் பிச்சைக்கு வரேல்ல" எண்டு சொன்னனி. அதைச் சொல்லிச் சொல்லி அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்ல அவ. அந்த அரிசியையும் அவிக்க விடேல்ல. இப்பவும் அந்த அலுமாரிக்க அப்பிடியே கிடக்கு.

— இந்தப் பஞ்சத்திலயோ? அரிசியை வைச்சுக்கொண்டோ கிழங்கு தின்னுறியள்?

— தங்கச்சிக்கெண்டு எடுத்து வைச்சதைத் தொடக்கூடாதாம். இரு பிள்ளை.

— நிக்கிறன். பேச்சை மாத்தாதைங்கோ. கண்ணைப் பாத்துச் சொல்லுங்கோ அத்தான், இது எனக்குப் போடுற பிச்சையோ?

— பிச்சை எண்டா என்ன? எனக்குப் படிப்பில்லை, நீ சொல்லு. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் இன்னொருத்தரின்ர வேலியடியில போய் நிண்டு, "தாயே, எனக்கு ஒரு வழி பண்ணு" எண்டு கேக்கிறதுதானே பிச்சை?

— ஓம். அதுக்கு?

— அப்ப இவ்வளவு நாளும் ஆர் எடுத்தது? ஆரின்ர வேலியடியில ஆர் சட்டியோட நிண்டது? நீயோ, நானோ? நீ வராட்டி நான் இந்த மாவைக் கூழாக் கரைச்சுப்போட்டு அவவிட்டக் கொண்டு போவன். அவ அதைப் பாத்துப்போட்டு மற்றக் காலையும் முறிச்சுக்கொள்ளுவா. கெஞ்சிக் கேக்கிறன் பிள்ளை. இந்த மாவை என்ன செய்யிறது?

— உண்மையாத் தெரியாதோ?

— மா குழைக்கவே தெரியாது எனக்கு.

— குழைக்கவே தெரியாது.

— கையில ஒட்டுமாமே?

— நகருங்கோ. கொதிச்சு ஆறின தண்ணி எங்க? உப்பைத் தாங்கோ. குரக்கனுக்குத் தண்ணியை அள்ளி ஊத்தக்கூடாது, தெளிச்சுத் தெளிச்சு விரலால உதிர்க்கோணும். புட்டு அவிப்பம். போன கிழமை காயவைச்ச சூடைக் கருவாடு கிடக்கோ?

— கிடக்கு. ஆனாப் பிள்ளை, ஒரு இடைஞ்சல். கோதுமைக் கப்பல் ஒண்டு வந்து வெளியில நிக்குது, இழுக்க வரச்சொல்லி ஆள் வந்திட்டுது. அவவுக்கு ஆர் சாப்பாடு கொண்டு போறது?

— ஆரையாவது பிடியுங்கோ. நான் போகமாட்டன்.

— ஓம், உன்னைக் கேக்கேல்ல. அப்பிடியே மூடி வைச்சுப்போட்டுப் போறன். கப்பலைக் கட்டிப்போட்டுப் பின்னேரம் கொண்டு போனாச் சரி.

— பின்னேரமோ? குரக்கன் புட்டு ஆறினாக் கல்லாப் போகும், தெரியுமோ?

— எனக்கெங்க தெரியும்?

— தாங்கோ அந்தச் சாப்பாட்டுக் கரியரை!

*

— எடி தங்கம்... உண்மையா நீதானோ?

— பின்ன ஆர், என்ர ஆவியோ? எழும்பாத அக்கா. அந்தக் காலோட நீ எழும்பினா நேர்ஸ்மார் என்னைத்தான் கலைப்பினம்.

— அவர் எங்க?

— கப்பல் வந்திட்டுதாம். அழாதயன். பாக்கிற சனம் நான் உனக்கு அடிச்சுப்போட்டன் எண்டு நினைக்கப்போகுது.

— ஆர் அழுறது? உன்ர கண்ணை முதலில துடை.

— அது புகை. உங்கட குசினிப் புகை. இந்தா, சூடு ஆற முதல் தின். குரக்கன் புட்டு. கருவாட்டைச் சுட்டு, உதிர்த்து, வெங்காயமும் புளியும் போட்டுப் பிசைஞ்சிருக்கு.

— இவ்வளவு நாளும் வந்ததும் உன்ர சாப்பாடுதானே?

— அத்தான் சொன்னவரோ?

— தான் அவிச்சது எண்டு நிண்டார். காரல் சொதி முதல் வாயிலயே பிடிச்சிட்டன். அம்மாவின்ர கை எனக்கு வரேல்லயே, உனக்குத்தானே வந்தது. அண்டைக்கு அந்தச் சொதியைச் சோறே இல்லாமக் குடிச்சன். பக்கத்துக் கட்டில் மைமூனாவும் வாங்கிக் குடிச்சுப்போட்டு, "உங்கட மனுசன் கைகாரன்தான்" எண்டு சொன்னவ.

— கைகாரனோ? பாவம் அக்கா, அவருக்கு அடுப்பு மூட்டவும் தெரியாது. கிழங்கைத் தோலோட சட்டிக்க போட்டு, மூடியும் வைச்சிருந்தவர்.

— தோலோடயோ!

— இஞ்சியும் போடட்டோ எண்டு கேட்டவர்.

— இஞ்சியோ! ஐயோ... தங்கம், நிப்பாட்டு... சிரிச்சாக் கால் இழுக்குது... தோலோடயாம்...

— சிரி சிரி. நல்லாச் சிரி.

— ஏனெடி அப்பிடிப் பாக்கிறாய்?

— என்னெண்டு சமாளிக்கப் போறாய் எண்டு பாக்கிறன். அக்கா, உன்ர வீட்டில ஆர் சமைக்கிறது?

— இதென்ன கேள்வி? நான்தான்.

— ஆஸ்பத்திரிக்க படுத்துக்கொண்டு பொய் சொல்லாத. இண்டைக்கு விடியக்காலமை, பாட்டுக் கேக்குது எண்டு வேலியால எட்டிப் பாத்தன். உன்ர மனுசன் வேலைக்குப் போக முதல் ரொட்டி சுடுறார். பலகையுமில்லை, இலையுமில்லை. உள்ளங்கையில வைச்சே தட்டுறார். நிலவு மாதிரி வட்டம். தோசைக்கல்லில போட்டுப்போட்டு, திருப்புறதுக்கு முதல் சம்பலுக்கு உப்புப் பாக்கிறார். வாயில வைச்சுக்கூடப் பாக்கேல்ல அக்கா, மணந்து பாக்கிறார்!

— படகில ஏழு பேருக்குச் சமைச்ச மனுசன் அவர். வெள்ளைக்காரக் கப்டன்கூட வந்து சாப்பிடுவானாம். கலியாணம் முடிச்ச புதுசில நான் ஒரு கறி வைச்சன். ஒண்டும் சொல்லாமத் திண்டார். அடுத்த நாள் தொடக்கம் குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத் தானே பூந்திட்டார். பெண்டிலுக்குச் சமைச்சுப் போடுறவன் எண்டு ஊர் சிரிக்கும் எண்டு நான்தான் வெளியில சொல்ல விடேல்ல.

— அப்ப நான் கொழும்பில இருந்து வரேக்க எல்லாம் "அக்காவின்ர கை, அக்காவின்ர கை" எண்டு நக்கி நக்கித் திண்டது?

— அவற்ற கை.

— தெரியும். இண்டைக்குத்தான் தெரியும்.

— பிடிச்சுக் கேக்கிறதுக்கென்ன? நாலு பேச்சுப் பேசியிருப்பியே நீ.

— கேக்கத்தான் போனனான். கோவத்தில கால் நிலத்தில படேல்ல. என்னையும் என்ர பிள்ளையளையும் வைச்சு விளையாடினவரோ எண்டு. போனா, குரக்கன் மாவைக் கையில வைச்சுக்கொண்டு, "கையில ஒட்டுமாமே" எண்டு கேக்கிறார். அந்தப் பெரிய கையைப் பாத்தன். விடிய ரொட்டி தட்டின மா நகத்துக்குள்ள இருக்கு. கேக்க வாய் வரேல்ல.

— தங்கம்...

— உனக்கு இப்ப சொல்லுறன், வேற ஒருத்தருக்கும் சொல்லாத. நீ கிணத்தடியில விழுந்த அண்டு என்ர அடுப்பு எரியேல்ல. அதுக்கு முதல் நாளும் எரியேல்ல. பிள்ளையளுக்குத் தேத்தண்ணியைக் குடுத்துப் படுக்க வைச்சனான். நீ அரிசியோட வந்தாய், கலைச்சன். கோயிலடிச் சனம் வந்தது, கலைச்சன். எல்லாரும் "உனக்கு இல்லை, இந்தா" எண்டு வந்தியள். அவர் ஒராள்தான் "எனக்கு ஏலாது, வா" எண்டு வந்தவர்.

— எடி, இஞ்ச வா. கிட்ட வா. காலில இடிச்சாலும் பறவாயில்லை.

— மெல்ல, மெல்ல. புட்டு கொட்டுது.

— உன்ர அரிசி அலுமாரிக்க கிடக்கு.

— அத்தான் சொன்னவர். வண்டு பிடிக்க முதல் அவிப்பம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே உலையா.

— அடுத்த கிழமை மாக்கட்டை வெட்டிப்போட்டு என்னை விட்டிடுவினமாம். நான் வந்தாப் பிறகு நீ வேலி தாண்டி வருவியோ? அவர்தான் சமைக்கிறவர் எண்டு தெரிஞ்சாப் பிறகும்?

— அதுக்கு உன்னட்ட ஒண்டு கேக்கத்தானே அக்கா நானே சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தனான். எனக்குத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாத. நீ வீட்டுக்கு வந்தாப் பிறகும் அத்தானுக்குச் சமைக்கத் தெரியாமலே இருக்கட்டும்.